ஒதுங்கிடமும் ஒதுக்கிடமும்: மாடம், மூலை, தோட்டம் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

தமிழில் ஒதுங்குதல், ஒதுக்குதல் என்னும் இரு சொற்களும் ஓரடியிற் பிறந்தவை. முன்னையது தன்வினை, பின்னையது பிறவினை. வழிப்போக்கர் மழைக்கு ஒரு தாழ்வாரத்தில் ஒதுங்குகின்றார். ஊர் ஒரு குடும்பத்தை ஒதுக்கி வைக்கின்றது. இரண்டிடத்தும் மனிதர் நிற்பது ஓர் ஓரத்திலேயே. ஆயின் அவ்வோரத்துக்கு அவர் தாமாகச் சென்றாரா, பிறரால் அனுப்பப்பட்டாரா என்பதைப் பொறுத்து அவ்விடத்தின் பொருள் முற்றிலும் மாறிவிடுகின்றது. இலக்கண மாணவர் முதலாண்டிலேயே கற்றுக்கொள்ளும் இவ்வேறுபாட்டைக் கட்டடங்களை மதிப்பிடுவதற்குரிய ஓர் அளவுகோலாகக் கொள்ள முடியுமா என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்ப விரும்பும் வினா.

கட்டடக்கலை பற்றித் தமிழில் நிகழ்ந்த ஆய்வுகளிற் பெரும்பாலானவை கோயிலைச் சார்ந்தவை. விமானம், கோபுரம், மண்டபம் ஆகியன பற்றி எழுதிய அளவுக்கு வீட்டைப் பற்றி நாம் எழுதவில்லை. வீட்டைப் பற்றி எழுதியபோதும் அதன் சிற்றுறுப்புகளை, அதாவது சுவரிற் குடைந்த மாடம், அறையின் மூலை, வாயிலிலுள்ள திண்ணை, வளவின் மறைவிடம் ஆகியவற்றைப் பழமை பற்றிய ஏக்கத்துடனேயே பெரிதும் நினைவுகூர்ந்திருக்கின்றோம். ஏக்கம் இலக்கியத்துக்குப் பொருளாகலாம். விமர்சனத்துக்கு அது போதாது. இவ்விடங்களை ஆக்கியவர் யாவர், துப்புரவு செய்தவர் யாவர், அங்கு அமர உரிமை பெற்றவர் யாவர், பெறாதவர் யாவர் என்னும் வினாக்களை எழுப்பும்போதுதான் அவற்றின் சமூக உள்ளடக்கம் புலப்படத் தொடங்குகின்றது.

2

முதலில் மாடத்தை நோக்குவோம். பண்டைய இலக்கியங்களில் மாடம் என்பது பல நிலைகளையுடைய செல்வர் மனையைக் குறித்து நிற்கின்றது. பிற்கால வழக்கில் அதே சொல் மண்சுவரில் அகல்விளக்கு வைப்பதற்காகக் குடையப்பட்ட சிறு குழியையும் குறிக்கின்றது. தமிழகத்தின் சில பகுதிகளில் இதனை மாடக்குழி என்றும் பிறை என்றும் வழங்குவர். புறா அடையும் பொந்து புறாமாடம். துளசி வளரும் மேடை துளசி மாடம். இளம் பெண்களைக் காவலில் வைத்திருந்த மனை கன்னிமாடம். செல்வரின் மாளிகைக்கும் ஏழையின் விளக்குக் குழிக்கும் ஒரு சொல்லே வழங்குவதனைத் தற்செயல் என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயினும் இவ்வழக்குகள் அனைத்திலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஒன்றை வெளியிலிருந்து பிரித்து, உள்வாங்கி, காத்து வைக்கும் இடமே மாடம். காப்பது எப்போது காவலாக மாறுகின்றது என்பதைக் கன்னிமாடம் என்னும் சொல்லே எமக்கு உணர்த்தி நிற்கின்றது.

விளக்கு மாடம் அழகுக்காகத் தோன்றியதன்று. காற்றிலிருந்து சுடரைக் காத்தல், எண்ணெய் ஊறிய அகல் கவிழாதவாறு நிறுத்துதல், வெள்ளையடித்த குழியின் உட்புறத்தில் ஒளியைத் தெறிக்கச் செய்து அறைக்குள் அனுப்புதல், குழந்தையின் கைக்கு எட்டாமலும் பெரியவரின் கைக்கு எட்டக்கூடியதாகவும் தீயை வைத்தல் ஆகிய நான்கு தேவைகளை அது ஒருங்கே நிறைவேற்றிற்று. பகலில் அதே குழி திறப்பு, சீப்பு, திருநீறு, வந்த கடிதம் ஆகியவற்றின் இருப்பிடமாயிற்று. தனி அலுமாரி வாங்க வசதியற்ற குடும்பத்துக்குச் சுவரே அலுமாரியாயிற்று எனலாம். அதன் மேல்விளிம்பிற் படிந்த கரியைத் துடைத்தவரும், சுவரை மெழுகியவரும், மாலையில் திரி இட்டவரும் பெண்களே. மாடத்தைப் பாடும் கவிஞர் சுடரைக் காண்கின்றார். அவர் காணத் தவறுவது அந்தக் கரியையே.

இத்தகைய மாடத்துக்குத் தடித்த சுவர் இன்றியமையாதது. ஓரடிக்கு மேற்பட்ட பருமனுள்ள மண்சுவரிலோ கற்சுவரிலோ அரையடி ஆழத்துக்குக் குடைந்தாலும் சுவரின் வலிமை குன்றாது. இன்று இலங்கையில் வீடு கட்டுவோர் பெரிதும் பயன்படுத்தும் சீமெந்துக் கற்கள் 4 அங்குலம் அல்லது 6 அங்குலப் பருமன் உடையவை, உட்புறம் பொள்ளலானவை. அவற்றிற் குடைவதற்கு எதுவுமில்லை. மின்குமிழ் வந்த பின்னர் குடைவதற்கான தேவையும் நீங்கிற்று. ஆகவே மாடம் மறைந்தமைக்குப் பண்பாட்டுச் சீரழிவு காரணம் என்று சிலர் வருந்துவது பொருத்தமற்றது. சுவரின் பொருளும் ஒளியின் மூலமும் மாறின. அவற்றோடு சேர்ந்து மாடமும் மறைந்தது. வெள்ளவத்தையின் அடுக்குமாடி வீடொன்றிற் சாமிப் படங்கள் ஆணியில் தொங்கும் பலகைத்தட்டிலோ கண்ணாடிக் கதவிட்ட அலுமாரியிலோ இடம்பெறுவது அம்மாற்றத்தின் இயல்பான விளைவேயாகும்.

3

யாழ்ப்பாணத்து வீட்டின் வாயிலுக்கு வருவோம். வேலியின் வாசலிற் சிறு கூரையிட்டு, உட்காருவதற்குத் திண்ணையும் அமைத்த சங்கடப்படலை எமது கட்டட மரபின் சிறந்த ஆக்கங்களுள் ஒன்று. வீட்டுக்காரரை அழைக்காமலும் அனுமதி கேளாமலும் வெயிலுக்கோ மழைக்கோ ஒருவர் அங்கு ஒதுங்கலாம். பருத்தித்துறையிலுள்ள தெருமூடி மடம் இதே எண்ணத்தை ஒரு தெருவின் அளவுக்கு விரித்துக் காட்டுகின்றது. பாதை நடுவே செல்ல, இருபுறமும் உயர்ந்த திண்ணைகள், மேலே கூரை. தனியார் நிலத்தின் விளிம்பைப் பொதுவுக்கு விட்டுக்கொடுக்கும் இவ்வமைப்பை நாம் பெருமையுடன் சுட்டலாம்.

ஆயின் அத்திண்ணையில் எவரும் அமரலாம் என்பது வரலாற்று உண்மையன்று. சாதியமைப்பு வீட்டின் ஒவ்வோர் அடியையும் அளந்து வைத்திருந்தது. படலை வரை வரக்கூடியவர், முற்றம் வரை வரக்கூடியவர், திண்ணையில் அமரக்கூடியவர், உள்ளே அழைக்கப்படுபவர் என்னும் படிநிலை எழுதப்படாத வீட்டுத் திட்டமாய் விளங்கிற்று. விருந்தாளிக்கு மூக்குப்பேணியில் நீர் வழங்கிய அதே வீடு உழைக்க வந்தவருக்குச் சிரட்டையில் வழங்கிற்று. மேற்சாதியினரின் திண்ணை அகலமாய் இருந்தமைக்கும் முற்றத்தில் ஒருவர் நின்றுகொண்டே பேச வேண்டியிருந்தமைக்கும் தொடர்பு உண்டு. டானியலின் பஞ்சமர் நாவல் 1972 இல் வெளிவந்தபோது, யாழ்ப்பாணத்துப் பண்பாடு என்று போற்றப்பட்டதன் மறுபக்கத்தை அது காட்டிற்று. கட்டடக்கலை விமர்சனம் அந்நாவலிடமிருந்து கற்கவேண்டியது இன்னும் நிறைய உண்டு.

பெண்கள் தொடர்பில் இது மேலும் கூர்மையடைகின்றது. மாதவிலக்கு நாட்களில் வீட்டுக்குத் தூரமாக இருத்தி வைக்கப்பட்ட மூலைக்கு மரபுவீட்டில் நிலையான இடம் இருந்தது. ஆண் ஓய்வெடுக்க விரும்பியபோது சாய்மனைக் கதிரையுடன் விறாந்தை இருந்தது. பெண்ணுக்கு வீட்டில் ஒரு மூலை தனியே கிடைத்தது அவள் தீட்டுடையவள் எனக் கருதப்பட்ட நாட்களிலேயே என்பது கசப்பான உண்மை. வேர்ஜீனியா வூல்ஃப் 1929 இல் எழுதத் துணியும் பெண்ணுக்கு ஓர் அறையும் வருமானமும் வேண்டும் என்று வாதிட்டார். எமது சூழலில் அவ்வறை பற்றிச் சிந்திப்போர், தனியிடம் என்பது பெண்ணுக்குத் தண்டனையாகவே நெடுங்காலம் வழங்கப்பட்டு வந்ததையும் கணக்கிற் கொள்ள வேண்டும்.

கோயிலும் இதற்கு விலக்கன்று. சோழர் காலக் கற்றளிகளின் கருவறைப் புறச்சுவரில் தேவகோட்டங்கள் அமைந்துள்ளன. தெற்கே தட்சிணாமூர்த்தி, மேற்கே இலிங்கோற்பவர், வடக்கே பிரமன், துர்க்கை என அவற்றில் தெய்வங்கள் நிலைபெற்றுள்ளன. கொச்சிக்கடையில் பொன்னம்பல முதலியார் 1856 இல் அமைத்து, பின்னர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லிற் புதுக்கிய பொன்னம்பலவாணேசர் கோயில் கொழும்பு வாழ் தமிழருக்கு அம்மரபை நேரிற் காட்டுகின்றது. கருவறைக்குட் செல்ல இயலாதவரும் வலம் வந்து காணுமாறு தெய்வத்தைப் புறச்சுவருக்குக் கொணர்ந்த ஏற்பாடு அது. ஆனால் வலம் வரும் உரிமையே மறுக்கப்பட்டோர்க்குக் கோட்டத்தால் யாது பயன்? 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காக ஒடுக்கப்பட்ட மக்கள் போராட வேண்டியிருந்தது.

4

மேனாட்டுச் சிந்தனையில் மூலைக்குத் தத்துவ மதிப்பை அளித்தவர் பிரெஞ்சு அறிஞர் கஸ்தோன் பஷ்லார். வெளியின் கவித்துவம் பற்றி 1957 இல் அவர் வெளியிட்ட நூலில் கூடு, சிப்பி, இழுப்பறை ஆகியவற்றோடு மூலைக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. மூலையில் ஒடுங்கும் மனிதர் தம் கற்பனைக்கு உரிய வீட்டை அங்கே கண்டுகொள்கின்றார் என்பது அவர் கருத்தின் சாரம். இக்கருத்தில் உண்மை உண்டு. ஆனால் அவர் மனக்கண்முன் நிற்பது நிலவறையும் மேன்மாடமும் கொண்ட நாட்டுப்புறத் தனிவீடு. பரிசு நகரத்தார் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய பெட்டிகளில் வாழ்கின்றனர் என்று அவரே குறைப்படுகின்றார். அப்பெட்டிகளை அடுக்கியவர் யார், அவற்றில் வாழ நேர்ந்தவர் யாவர் என்று அவர் கேட்கவில்லை.

கிறிஸ்தோபர் அலெக்சாந்தரும் அவர்தம் கூட்டாளிகளும் 1977 இல் வெளியிட்ட வடிவமைப்பு நூல் இவ்வகையில் எமக்கு அணுக்கமானது. குடும்பத்தினர் கூடும் பொது அறையின் ஓரங்களிற் சிறு உள்வாங்கல்கள் வேண்டும், அப்போதுதான் அவர்கள் ஒன்றாக இருந்துகொண்டே தத்தம் அலுவலைச் செய்ய இயலும் என்று அது கூறுகின்றது. வசிப்போர் தாமே குடைந்துகொள்ளத்தக்க தடித்த சுவர்கள் வேண்டும் என்றும் அது வாதிடுகின்றது. மூலையைப் பிரிவுக்குரிய இடமாகக் காணாமல், கூட்டத்தினுள்ளேயே தனிமையைச் சாத்தியமாக்கும் இடமாகக் காண்பது இந்நோக்கின் சிறப்பு. எமது பழைய மண்வீட்டுப் பெண் விரலாற் குடைந்த மாடத்துக்கும் இவ்வாதத்துக்கும் இடையே உள்ள உறவு ஆராயத்தக்கது.

5

இலங்கையின் நவீன கட்டடக்கலையில் இவ்வகை இடங்களை மீட்டெடுத்த பெருமை ஜெஃப்ரி பாவாவுக்கு (1919–2003) உரியது என்பது பொதுவான மதிப்பீடு. சட்டம் பயின்று, பின்னர் 1957 இலேயே கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்ற இவர், கொள்ளுப்பிட்டியில் பகத்தலை வீதியை அண்டிய 33 ஆம் ஒழுங்கையில் 1958 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலத்தில் நான்கு சிறு வீடுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பெற்று ஒரே மனையாக்கினார். ஒளிக்கிணறுகளும் சிறு முற்றங்களும் திருப்பங்களும் நிறைந்த அவ்வீட்டில் ஒரு மூலையிலிருந்து மற்றொரு மூலை முழுமையாகத் தெரிவதில்லை. அதன் நீண்ட நடையில் நிற்கும் கடைசற் தூண்கள் செட்டிநாட்டுப் பழைய வீடுகளிலிருந்து வந்தவை. வெப்பநாட்டில் கண்ணாடிப் பெட்டிகளைக் கட்டிக் குளிரூட்டும் மூடத்தனத்துக்கு மாற்று உண்டு என்பதை இவ்வீடு செயலிற் காட்டிற்று. உள்ளூர்ப் பொருளும் உள்ளூர்க் கைவினைஞரும் நவீனத்துக்குத் தடையல்லர் என்பதையும் அது நிறுவிற்று. பாவாவின் பங்காளராக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணியாற்றிய பொறியியலாளர் பூலோகசுந்தரம் ஒரு தமிழர் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. அக்கட்டடங்களை ஓரினத்தின் தனிச் சாதனையாகக் காட்ட முனைவோர்க்கு அது தக்க மறுமொழியாகும்.

இவ்வளவும் கூறிய பின்னர் வேறொன்றையும் கூற வேண்டும். பெந்தோட்டைக்கு அருகே, 1948 இல் வாங்கிய றப்பர்த் தோட்டம் ஒன்றை பாவா வாழ்நாள் முழுவதும் செதுக்கி, லுனுகங்க என்னும் பூங்காவாக்கினார். காலை, நண்பகல், மாலை என ஒவ்வொரு பொழுதுக்கும் உரிய அமர்விடங்கள் அங்கு உண்டு. அவ்விடங்களில் வெவ்வேறு ஓசையுடைய மணிகள் தொங்குகின்றன. எந்த மணி ஒலிக்கின்றது என்பதைக் கொண்டு தம் முதலாளி எந்த மூலையில் இருக்கின்றார் எனப் பணியாளர் அறிந்து பானத்தைக் கொண்டு செல்வர் என அங்கு செல்வோருக்குச் சொல்லப்படுகின்றது. பூங்கா மூலையின் தனிமை எத்தகையது என்பதை இம்மணிகள் தெளிவாகச் சொல்கின்றன. மணியை அடிப்பவர் ஒதுங்கியிருக்கின்றார்; மணியோசைக்குக் காத்திருப்பவர் ஒதுக்கி நிறுத்தப்பட்டிருக்கின்றார். பின்னவரின் உழைப்பின்றி முன்னவரின் தனிமை நிகழாது. பாவாவின் கலைத்திறனை மறுப்பது எமது நோக்கமன்று. ஒளியையும் நிழலையும் அவர் ஆண்ட திறனை வியந்து எழுதும் விமர்சகர், அந்த மணியையும் ஒரு கட்டட உறுப்பாகக் கொண்டு எழுத வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.

மினற் டி சில்வாவின் (1918–1998) பணியை இதனோடு ஒப்பிடுவது பயனுடையது. பிரித்தானியக் கட்டடக் கலைஞர் நிறுவனத்தில் 1948 இல் உறுப்புரிமை பெற்ற முதல் ஆசியப் பெண் இவர். 1950களின் பிற்பகுதியிற் கண்டியை அடுத்த வட்டப்புளுவையில் அரச ஊழியர்க்கான வீடமைப்புத் திட்டத்தை ஏற்றபோது, வரைபடம் வரைவதன்முன் அங்கு வாழப்போகும் குடும்பங்களிடம் வினாக்கொத்து மூலம் அவர்தம் வாழ்க்கைமுறையையும் தேவைகளையும் கேட்டறிந்தார். பல இனத்தவரும் மதத்தவருமாகிய அவர்களின் விடைகளுக்கேற்பப் பல்வகை வீடுகளை வடிவமைத்தார். பாவா மூலையை ஒரு கண்ணின் நுட்பத்தால் கண்டுபிடித்தார் என்றால், மினற் டி சில்வா அதனை வசிப்போரின் வாய்மொழியிலிருந்து பெற முயன்றார். புகழ் முன்னவருக்குச் சென்றது. எமது நோக்கில் பின்னவரின் முறையே சமூகப் பெறுமதி மிக்கது.

6

தோட்டம் என்னும் சொல் லுனுகங்கவில் ஒரு பொருளும் பொரளையில் வேறொரு பொருளும் உடையது. கொழும்பில் தோட்டம், சிங்களத்தில் வத்த, என்றால் நெருக்கமான வரிசை வீடுகளும் பொதுக் குழாயும் பொது மலசலகூடமும் கொண்ட தொழிலாளர் குடியிருப்பாகும். மலையகத்தில் அதே சொல் தேயிலைக்கும் லயத்துக்கும் உரியது. 10 அடிக்கு 12 அடி அளவான லயக் காம்பராவில் ஒரு குடும்பம் பிறந்து, சமைத்து, உறங்கி, மரித்தது. அதன் முன்னாலுள்ள குறுகிய இஸ்தோப்பே முதியவரின் படுக்கையும், மாணவரின் படிப்பறையும், விருந்தினரின் வரவேற்பறையும் ஆயிற்று. ஆக, பூங்கா, குடியிருப்பு, பெருந்தோட்டம் என்னும் மூன்றையும் ஒரு சொல் தாங்கி நிற்கின்றது. அம்மூன்றையும் ஒருங்கே நோக்காத தோட்டக்கலை விமர்சனம் முழுமையற்றது.

பொரளையின் வனாத்தமுல்லைப் பகுதியில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் கலந்து வாழ்ந்த தோட்டங்கள் பல. அங்கு வீடு சிறிது. ஆகவே வாழ்க்கை ஒழுங்கைக்கு வழிந்தது. வாசற்படி, குழாயடி, சுவரோரம், மரநிழல் ஆகியன வீட்டினுள் கிடைக்காத மூலைகளாயின. படியில் அமர்ந்து அரிசி புடைப்பவரும், சுவரோரத்தில் தையற் பொறியை வைத்துத் தொழில் செய்பவரும் அவ்விடத்தைத் தாமே ஆக்கிக்கொண்டனர். இதனை வறுமையின் அழகு எனக் கொண்டாடுதல் தவறு. மழைக்காலத்தில் அவ்வொழுங்கைகளின் நிலையை அறிந்தோர் அவ்வாறு எழுதார். எனினும் மக்கள் தம் தேவைக்கேற்பத் தாமே குடைந்த மாடங்கள் அவை என்பதையும் மறுப்பதற்கில்லை.

1973 ஆம் ஆண்டின் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் இத்தகைய குடியிருப்புகள் பலவற்றைத் தனியார் நிலவுடைமையாளரின் பிடியிலிருந்து விடுவித்தது. பின்னர் வந்த கொள்கை வேறு திசையிற் சென்றது. 2001 இல் பொரளையில் 671 வீடுகளுடன் சகஸ்புர என்னும் மாடிக் குடியிருப்பு எழுந்தது. 2010 இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின்கீழ்க் கொண்டுவரப்பட்ட பின், தோட்ட மக்களை உயர்மாடிகளுக்கு மாற்றும் பணி விரைவு பெற்றது. குடும்பத்தின் அளவு எதுவாயினும் பலருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 400 சதுர அடி கொண்ட ஒரே வகை வீடு. நீர், மின், மலசலகூடம் ஆகியன வீட்டுக்குள் வந்தமை உண்மையான முன்னேற்றம். அதனைச் சிறுமைப்படுத்துதல் கூடாது. ஆயின் தையற் பொறியை வைக்கும் சுவரோரமும் முதியவர் அமரும் வாசற்படியும் வரைபடத்தில் இல்லை. அவற்றைக் கேட்டு எழுதிய வினாக்கொத்தும் இல்லை.

இதே கொழும்பில் அல்பிரட் பிளேசில் பாவா 1962 இல் முடித்த ஏனா டி சில்வாவின் வீடு இந்நூற்றாண்டிற் கைமாறியபோது, அது கல் கல்லாக இலக்கமிட்டுப் பிரிக்கப்பட்டு, லுனுகங்கவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 2016 ஆம் ஆண்டளவில் மீண்டும் எழுப்பப்பட்டது. மரபைப் பேணும் அப்பணி பாராட்டத்தக்கதே. ஒரு வீட்டின் ஒவ்வொரு மூலைக்கும் இலக்கமிட்டுக் காக்கும் திறன் எம்மிடம் உண்டு என்பதை அது காட்டுகின்றது. தோட்ட வீடுகளை இடித்தபோது அத்திறனிற் சிறு பகுதியேனும் ஏன் பயன்படவில்லை என்று வினவுவது நியாயமாகும்.

7

பொரளையைப் பற்றி எழுதும்போது 1983 யூலையைக் கடந்து செல்ல இயலாது. வடக்கிற் கொல்லப்பட்ட 13 படையினரின் உடல்களை அடக்கஞ் செய்வதற்காக யூலை 24 அன்று பொரளைக் கனத்தை மயானத்திற் கூட்டம் திரண்டது. அன்றிரவு பொரளையில் தொடங்கிய தீ கொழும்பெங்கும் பரவிற்று. யூலை 25 இலும் 27 இலும், பொரளையிலேயே உள்ள வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். அரசின் காவலில், பூட்டிய கூண்டுகளில் இருந்தவர்கள் அவர்கள். மனிதரை ஒதுக்குவதற்கென்றே கட்டப்பட்ட சுவர், அவர்களைக் காப்பதற்கு உதவவில்லை.

அதே வாரத்தில் அதே நகரத்தில் சிங்களக் குடும்பங்கள் பல தம் அயலவரான தமிழரைத் தம் வீடுகளுக்குள் மறைத்து வைத்தன. குசினியின் பின்புறம், அலுமாரிக்கும் சுவருக்கும் இடைப்பட்ட வெளி, கூரைக்கடியிலுள்ள பரண் ஆகியன சில நாட்களுக்கு மனித உயிரைத் தாங்கும் மாடங்களாயின. எந்தக் கட்டடக் கலைஞரும் அப்பயன்பாட்டைக் கருதி அவற்றை வரையவில்லை. அவற்றுக்கு அழகியற் பெறுமதி எதுவும் இல்லை. ஆயினும் ஒதுங்கிடம் என்னும் சொல்லுக்கு அவற்றைவிடத் தெளிவான உரை எமக்குக் கிடைக்கவில்லை.

இதுகாறும் கூறியவற்றிலிருந்து நாம் சில முடிபுகளுக்கு வரலாம். மாடமும் மூலையும் தம்மளவில் நல்லனவுமல்ல, தீயனவுமல்ல. அவற்றின் பொருளை நிர்ணயிப்பது அவற்றைச் சூழ்ந்த சமூக உறவே. ஒருவர் தாமாகச் சென்று, தாமாக மீளக்கூடிய மூலையே மனிதருக்குரிய மூலை. அத்தகைய மூலை செல்வரின் பூங்காவுக்கு மட்டும் உரிய ஆடம்பரமன்று; 400 சதுர அடி வீட்டில் வாழும் மாணவிக்கும் தையற் தொழிலாளிக்கும் அது அடிப்படைத் தேவை. வீடமைப்புத் திட்டங்களை வகுப்போர் அதனை எண்ணிக்கைக் கணக்கிற் சேர்ப்பதற்கு வசிப்போரைக் கேட்பது முதற்படியாகும். வட்டப்புளுவையில் அது அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இயன்றது. பொரளையில் இயலாது என்பதற்குக் காரணம் எதுவும் இல்லை.